டிரைவரம்மாவின் புதன்கிழமை வகுப்பு

நாற்காலிகளை வட்டமாகப் போட்டு, ஒவ்வொன்றிலும் ஒருமுறை உட்கார்ந்து பார்க்கிறார். ஆடுகிற நாற்காலி தனக்கு. பகலெல்லாம் நகரப் பேருந்து ஓட்டுகிறவர், புதன்கிழமை மாலை சீருடையோடு நேராக ஆலயத்தின் பின்னறைக்கு வந்துவிடுவார். கிறிஸ்தவம் என்றால் என்ன என்று கேட்டு வரும் பெரியவர்களுக்கு அங்கே வகுப்பு. எல்லோருக்கும் அவர் டிரைவரம்மா.

முதல் நாளே சொல்லிவிடுவார்: "பிடிக்கலைன்னா எந்த ஸ்டாப்லயும் இறங்கிக்கலாம்."

வேதாகமம் மடியில் இருக்கும். அதிகம் திறப்பதில்லை. "ரெண்டாயிரம் வருஷம் முன்னாடி, அடுத்தவன் ஆட்சியில கிடந்த சின்ன நாடு. அங்க யூதக் குடும்பத்துல பிறந்தவரு இயேசு. தச்சு வேலை. கூடச் சேர்ந்தவங்க மீன் பிடிக்கிறவங்க, ஊரே வெறுத்த வரி வசூல்காரன்." சிலுவைக்கு வரும்போது குரல் தாழும். "கள்ளனுங்க நடுவுல அறைஞ்சாங்க. மூணாம் நாள் காலையில பொம்பளைங்க போய்ப் பார்த்தா கல்லறை காலி. அவர் உயிரோட எழுந்துட்டாருன்னு ஓடி வந்து சொன்னா, ஆம்பளைங்க நம்பல. அது மட்டும் இன்னைக்கும் மாறல!"

போன வருடம் ஒரு தையல்காரர் வந்தார். படிக்க அல்ல, சண்டை போட. இந்த வகுப்பில் படித்த மகள் ஞானஸ்நானம் எடுக்கப்போகிறேன் என்று சொன்ன நாளிலிருந்து அவர் அவளோடு பேசுவதில்லை. ஒரே வீட்டில் மனைவிதான் தூது.

"என் பொண்ணுக்கு என்ன மருந்து வெச்சீங்க?"

"முதல்ல உட்காருங்கண்ணா. தண்ணி குடிங்க."

ஐந்து புதன் விடாமல் வந்தார். "கடவுள்னா எதுக்கு அடி வாங்கணும்? திருப்பி ஒண்ணு கொடுக்க மாட்டாரா?"

"நம்ம பாவத்தை அவர் சுமந்தாருன்னு நம்புறோம். நம்ம மேல அவ்வளவு பாசம். வேற வழியே இல்லையான்னு கேட்டா, எனக்கும் தெரியாதுண்ணா."

ஐந்தாம் வாரம் தையல்காரர் குரல் உடைந்தது. "அவ என்னை விட்டுப் போறாம்மா."

"அவ வீட்டுலதானே இருக்கா? பேசாம இருக்கிறது நீங்கதான்."

அவர் எழுந்து போய்விட்டார். அடுத்த புதன் வரவில்லை. அன்று டிரைவரம்மாவுக்குப் பாடம் ஓடவில்லை. "வாயை வெச்சுக்கிட்டுச் சும்மா இருந்திருக்கலாம்," என்று, வகுப்பில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த என்னிடம் நொந்துகொண்டார்.

ஞானஸ்நான ஞாயிறு வந்தது. மகள் வெள்ளை உடையில் தொட்டிக்குள் இறங்கினாள். பிதா, குமாரன், பரிசுத்த ஆவியின் பெயரால் போதகர் அவளை முழுக்கி எடுத்தார். பழைய வாழ்க்கை தண்ணீரில் மூழ்கி, புதியது எழுகிறது என்பது நம்பிக்கை. எழுந்தவள் குளிரில் வெடவெடத்தாள். துண்டோடு படியருகே நிற்பது டிரைவரம்மாவின் பொறுப்பு. ஆனால் அங்கே அவரைக் காணோம்.

அவர் கடைசி வரிசைக்குப் போயிருந்தார். தூணுக்குப் பின்னால் யார் கண்ணிலும் படாமல் நின்ற தையல்காரரின் கையில் துண்டை வைத்தார்.

"அவ தலை சொட்டுதுண்ணா. சளி பிடிச்சிடும். போங்க."

தையல்காரர் துண்டையே பார்த்தார். பிறகு மகளை நோக்கி நடந்தார். நடைபாதையை அடைத்துக்கொண்டு நின்ற எங்களை, அவருக்கு முன்னால் ஓடி, டிரைவரம்மா இரு கைகளாலும் விலக்கிக்கொண்டே போனார்.