கிரெசென்சியாவின் காது

எர்மிலோவுக்கு அவசரபுத்தி. அதுதான் அவன் குடியைக் கெடுத்தது. பதினான்கு வருடமாக, சோளக்கொல்லை வேலை போக மீந்த நேரமெல்லாம் உட்கார்ந்து, லூக்கா நற்செய்தியை ஊரின் பழங்குடிப் பேச்சான நாவாட்டலில் மொழிபெயர்த்து எழுதினான். ஒரு அதிகாரம் முடிந்தால் போதும், அன்று சாயங்காலமே தெருவில் நின்று சத்தம் போட்டு வாசித்துவிடுவான்.

அச்சுக்குப் போகுமுன் ஒரு சோதனை உண்டு. அதுவரை அதைக் கேட்டிராத ஒருவருக்கு வாசிக்க வேண்டும். அவர் கேட்டதைத் தன் வாயால் திருப்பிச் சொல்ல வேண்டும். வியாழக்கிழமை, அச்சடித்துக் கொடுக்கும் வேதாகமச் சங்கத்தின் ஆய்வாளர் நகரத்திலிருந்து வருகிறார். இந்தத் தடவையும் ஆள் கிடைக்காவிட்டால் வேலையையே மூடிவிடுவார்கள். அவனைத் தவிர அந்தப் பேச்சு தெரிந்தவர்கள் ஊரில் பதினோரு பேர். பத்துப் பேர் காதில் எல்லாவற்றையும் அவனே ஊற்றி முடித்திருந்தான்.

மிஞ்சியவள் அக்கா கிரெசென்சியா. செத்தவர் படத்துக்கு விளக்கேற்றுவதை விலக்கும் சபையில் அவன் சேர்ந்த வருடம், இறந்தோர் நாளன்று அம்மா படத்துக்கு மெழுகுவர்த்தி ஏற்ற மாட்டேன் என்றான் எர்மிலோ. அன்று அவள் அடைத்த கதவு பதினைந்து வருடமாகத் திறக்கவில்லை.

புதன்கிழமை போய்த் தட்டினான்.

"எதுக்குடா வந்த?"

"உன் காது வேணும்க்கா."

"அறுத்துக் குடுக்கவா? அம்மாவுக்கு ஒரு மெழுகுவர்த்தி ஏத்தச் சொன்னப்ப கை வலிச்சுதே."

"கால்ல விழறேன். நீ கேக்கலேன்னா இதெல்லாம் குப்பைக்குத்தான். ஒரு புஸ்தகம்கூட இல்லாம நம்ம பேச்சு செத்துரும்."

அவள் அடுப்பருகே இடம் காட்டினாள். விதவையின் செத்த மகன் எழுந்த கதையை வாசித்தான். தோர்த்தியா என்னும் சோளரொட்டியைத் தட்டியபடியே அவள் ஒன்று விடாமல் திருப்பிச் சொன்னாள். அவனுக்கு உயிர் வந்தது. அவளோ நிறுத்தவில்லை. பாதத்தைக் கண்ணீரால் நனைத்துக் கூந்தலால் துடைத்தவள் கதைக்குப் போய்விட்டாள்.

ஆய்வுத் தாளில் குறித்துக்கொண்டிருந்த எர்மிலோவின் கை நின்றது. "இதை நான் வாசிக்கலையேக்கா."

"இப்ப வாசிக்கல. அன்னைக்குத் தெருவுல கத்தினியே. நாணல் சுவருதானேடா. கதவைத்தான் அடைச்சேன்."

"எல்லாத்தையும் கேட்டியா?"

"ஒண்ணு விடல."

தாளில் இருந்த ஒரு கேள்வியை வாசித்துக் காட்டினான்: முன்பே கேட்டவரா? அவன் முகத்தைப் பார்த்ததுமே அவளுக்கு விஷயம் புரிந்துவிட்டது.

"இல்லைன்னு எழுதேன். யாருக்குத் தெரியப்போவுது?"

எழுதலாம்தான். வேறு எந்தப் புத்தகமாக இருந்தாலும் எழுதியிருப்பான். 'ஆம்' என்று எழுதினான்.

"அப்ப புஸ்தகம்?"

அவன் இல்லையென்று தலையை அசைத்தான். கல்லில் கிடந்த தோர்த்தியா கருகியது, அவள் எடுக்கவில்லை.

"நான் கேக்காமயே இருந்திருக்கணும்டா," என்றாள்.

எர்மிலோ வாய்விட்டு அழுதான். பதினைந்து வருடமாக அவன் முழந்தாளிட்டு வேண்டிக்கொண்டதெல்லாம் அக்கா ஒரு தடவையாவது வேதத்தைக் காதுகொடுத்துக் கேட்க வேண்டும் என்பதைத்தான்.