கடற்கரைக்குச் சொல்லாமல் திறந்த தண்ணீர்

"கடலுக்குப் போற தண்ணி வீண்தானே மிஸ்" என்று ஒரு அதிகாரி என் முகத்துக்கு நேரே சொன்னபோது எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வீணாம்! ஒன்றரை வருடமாக முழங்கால் சேற்றில் நின்று நான் அளந்துகொண்டிருந்ததே அந்த வீண் தண்ணீரைத்தான். மலையடிவாரத்து அணையில் கதவைத் தூக்கினால், கீழே கல்முனைப் பக்கத்தில் கடலை ஒட்டிய உப்புநீர்க் களப்புக்கு என்ன நடக்கிறது என்பதுதான் என் பல்கலைக்கழக ஆய்வு. உப்பு எவ்வளவு குறைகிறது, தண்ணீர் எவ்வளவு கலங்குகிறது, இறாலுக்கு என்ன ஆகிறது. அலுவலகத்துக்காரர்களுக்கு ஆறு வயலோடு முடிந்துவிடுகிறது. வயலுக்குக் கீழேயும் மனிதர் இருக்கிறார்கள் என்று எத்தனை தரம்தான் சொல்வது?

அப்படிக் கீழே இருக்கிறவர்களில் ஒருவர், களப்பில் கம்பு நட்டு இறால் வலை கட்டும் ஒரு மீனவர்; அண்ணன் முறைக்கு நான் அவரைக் காக்கா என்று கூப்பிடுவேன். ஐம்பது வயதிருக்கும். தன் தோணியில் என்னை ஏற்றிக்கொண்டு போய், நான் உப்பு அளக்கும் மீட்டரைத் தண்ணீருக்குள் விட்டு எடுக்கும்வரை தடியை ஊன்றிப் பிடித்துக்கொண்டு நிற்பார். வலையில் விழும் இறாலில் கிழமைக்கு ஒரு கைப்பிடியை நான் அளந்து பார்க்கத் தருவார்.

"வடிவா எழுதுங்க தங்கச்சி. ஒங்கட கொப்பியப் பாத்தாவது அந்த ஆபிஸ்காரனுகளுக்குக் கண் தெரியட்டும்" என்பார்.

வயலில் வேளாண்மை வெட்டும் காலம் வந்தது. மாரி ஓய்ந்து, ஆற்றுவாயால் கடல் தண்ணீர் ஏறி, களப்பு உவர்த்து, இறால் நன்றாகப் பெருத்துக்கொண்டிருந்தது. அவர் புது வலை கட்டியிருந்தார். பழையதை முந்தின வருடத்து அணைத் தண்ணீர் இழுத்துக்கொண்டு போய்விட்டது. அதுவும் சொல்லாமல் வந்த தண்ணீர்தான்.

அந்த நேரம் பார்த்து மலைப்பக்கம் காலம் தப்பிய மழை. அணை நிரம்பிவிட்டது. என் வாப்பாவுக்கு வயல் இருக்கிறது. வயல்களுக்குத் தண்ணீர் பார்த்து விடும் வட்டவிதானை வாப்பாவின் போனுக்குச் செய்தி அனுப்பியிருந்தார். நாளை மறுநாள் கதவு திறக்கிறார்கள், பள்ளக்காணியில் வெட்டு மெசினை விட்டு வைக்க வேண்டாம் என்று. வாப்பா பகல் சோற்றுக்கு முன்னால் இருந்தபடி அதைச் சத்தமாக வாசித்தார். வயல்காரர் இருக்கும் ஊர்ப் பள்ளிவாசல்களில் லவுட்ஸ்பீக்கரிலும் சொன்னார்கள். கடற்கரைப் பள்ளிகளில் ஒரு சொல் இல்லை. இங்கே வழமை அப்படி. தண்ணீர்ச் செய்தி வயல்காரருக்கு மட்டும் உரியது. போகம் தொடங்க முன்னம் கூடும் கூட்டத்துக்கும் மீன்பிடிக்கிறவரை யாரும் கூப்பிடுவதில்லை.

மறுநாள் காலை நான் களப்பில், அவருடைய தோணியில் இருந்தேன்.

"இன்னும் ஒரு கிழம போகட்டும் தங்கச்சி. நோம்புக்கு முன்னம் எல்லாத்தயும் அள்ளிருவன்" என்றார்.

நான் சொல்லவில்லை. அதற்கு என்னிடம் படித்த காரணம் ஒன்று இருந்தது. சொன்னால் அவர் அன்றைக்கே இறாலை அள்ளிவிட்டு வலையைக் கழற்றிவிடுவார். தண்ணீர் வந்த பிறகு அந்த வலையில் என்ன மிஞ்சியது என்று நான் எப்படி அளப்பது? ஒன்றரை வருடம் காத்திருந்த அளவு அது. மீட்டரைத் துடைத்துப் பையில் வைத்துவிட்டு, "சரி காக்கா, போயிட்டு வாறன்" என்று வந்துவிட்டேன்.

அடுத்த நாள் கதவு திறந்தார்கள். இரவோடு தண்ணீர் களப்புக்கு வந்துவிட்டது. விடிந்து நான் போனபோது களப்பு செம்மண் நிறத்தில் ஓடிக்கொண்டிருந்தது. தண்ணீர் அடித்துக்கொண்டு வந்த ஆற்றுவாழை என்ற மிதக்கும் செடி குவியல் குவியலாகச் சிக்கி, கம்புகளைப் பிடுங்கி, வலையைச் சுருட்டிக்கொண்டு போயிருந்தது. இறால் ஆற்றுவாயால் கடலுக்குப் போய்விட்டது. மீட்டர் அது உப்பில்லாத நல்ல தண்ணீர் என்று காட்டியது. அவர் இடுப்பளவு தண்ணீரில் நின்று கிழிந்த ஒரு துண்டை இழுத்துக்கொண்டிருந்தார்.

"அல்லாஹ்வே, ஒரு நாளைக்கு முன்னம் ஆராவது ஒரு வாய் சொல்லிரிந்தா!" என்றார்.

நான் அதையும் எழுதிக்கொண்டேன்.

பிறகு அதிகாரிகள் முன்னால் ஆய்வை வைக்கும் கூட்டம் நடந்தது. காக்காவையும் கூட்டிப் போய் ஒரு கதிரையில் இருத்தினேன். தண்ணீர் வீண் என்று அந்த அதிகாரி சொன்னது அங்கேதான். நான் மேசையில் தட்டிக் கத்தினேன். "ஆருக்கு அறிவிச்சீங்க? களப்புல வலை கட்டுற ஒரு மனிசனுக்காவது அறிவிச்சீங்களா?"

அதிகாரி பதறவே இல்லை. "நாங்க ரெண்டு நாளைக்கு முன்னமே அறிவிச்சிட்டம் மிஸ். வயல்காரர் எல்லாருக்கும் மெசேஜ் போயிரிக்கு. ஒங்கட வாப்பாவும் வயல்காரர்தானே, அவருக்கும் வந்திரிக்கும். கேட்டுப் பாருங்க."

கூட்டம் முடிந்து வெளியே வந்ததும் காக்கா கேட்டார்.

"ஒங்களுக்குத் தெரியுமா?"

"ஓம், காக்கா."

"அண்டைக்குத் தோணியில வரக்குள்ளயும் தெரியுமா?"

"ஓம்."

அவர் நான் கொண்டுபோன வேனில் ஏறாமல் பஸ்ஸுக்கு நடந்தார்.

எனக்கு இன்றைக்கும் அந்த அதிகாரி மேல் ஆத்திரம்தான். வயல்காரருக்குச் சொன்னால் போதும் என்று இருக்கும் அந்த அலுவலகத்தின் மேலும் ஆத்திரம்தான். ஆனால் அவர்களுக்குக் களப்பில் நிற்கும் காக்காவைத் தெரியாது. எனக்குத் தெரியும். சீ, என்ன படிப்பு இது!

இப்போது வாப்பாவின் போனுக்குச் செய்தி வந்தால் அந்த நிமிடமே காக்காவுக்கு அழைத்துச் சொல்கிறேன். கேட்டுவிட்டு வைத்துவிடுவார். தோணியில் ஏற்றுகிறார், தடியையும் ஊன்றிப் பிடிக்கிறார். தங்கச்சி என்று மட்டும் கூப்பிடுவதில்லை. மீட்டரைத் தண்ணீரில் விடும் ஒவ்வொரு தரமும் கேட்கிறார்.

"இண்டைக்கு எதத் தெரிஞ்சிகிட்டுச் சொல்லாம நிக்கிறீங்க, மிஸ்?"