மழையில் அணைந்த கரி

கைப்பேசி பரவிய நாட்களில் எல்லோரும் லித்தியத்தின் பின்னால் ஓடினார்கள். நான் சோடியம் பேட்டரிக்கு மின்முனை செய்துகொண்டிருந்தேன். சோடியம் மலிவு. அதைப் பிடித்து வைக்க நல்ல கரி வேண்டும். எங்கள் மாவட்டத்தில் சீமைக்கருவேலத்துக்கா பஞ்சம்? ஊரில் விறகை அடுக்கி மண்ணால் மூடி, மூட்டம் போட்டு எடுக்கும் கரியிலேயே மின்முனை செய்வதுதான் திட்டம்.

கமுதிப் பக்கம் மூட்டம் போடும் ஓர் அக்காவிடம் ஒரு மூட்டை வாங்கினேன். அரைத்து, ஆய்வுக்கூட உலையில் மறுபடி சுட்டு, தகட்டில் பூசினேன். வேகமாகச் சார்ஜ் ஏற்றி இறக்கியும் பேட்டரி வாரக்கணக்கில் தளரவில்லை.

அடுத்த மூட்டையில் செய்தது நாலே நாளில் செத்தது. திரும்பச் செய்தேன். அதுவும் செத்தது. சித்திரைக் கடைசியில் திட்டத்தை மதிப்பிட ஆய்வுக்குழு வரும். அதே பலனை மறுபடி காட்டாவிட்டால் திட்டத்தை மூடிவிடுவார்கள். எரிச்சலோடு பஸ் ஏறினேன்.

"கரியில என்னக்கா கலந்தீங்க?"

"ஆமா, பாலக் கலந்தோம்" என்றார் அக்கா. கூட நின்ற பெண்கள் சிரித்தார்கள்.

அப்போதுதான் ஒரு மூட்டத்தைப் பிரித்திருந்தார்கள். தணல் மேல் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினார்கள். ஒரு சொட்டை நாக்கில் வைத்தேன். உப்பு.

"மொத மூட்டையும் இந்தத் தண்ணிதானா?"

"அது ஐப்பசியில பிரிச்சது தம்பி. மழையே அணைச்சுருச்சு. இது போர்த் தண்ணி."

சூட்டில் கரி உப்புநீரைக் குடித்துவிடும். பிறகு என் உலையில் அந்த உப்பு கரியை அரித்து ஓட்டை போடும். ஒவ்வொரு சார்ஜிலும் சோடியம் அந்த ஓட்டைகளில் சிக்கி வீணாகும். மரம், சூடு, நேரம் எல்லாம் நோட்டில் எழுதினேன். இந்த மண்ணில் பிறந்தவன், தண்ணீரை எழுதவில்லை.

"நல்ல தண்ணில ஒரு மூட்டம் அணைச்சுத் தாங்கக்கா."

அவர் குடத்தைக் கீழே வைத்தார். "நல்ல தண்ணிக்கு நாங்க ரெண்டு மைலு நடக்கோம். பிள்ளைக குடிக்கிறதக் கரிக்கு ஊத்தணுமாக்கும்? நல்லாப் படிச்ச, போ."

பஸ் ஏறித் திரும்பினேன். மிச்சக் கரியை அமிலத்தில் கழுவிப் பார்த்தேன். உள்ளே போன உப்பு முழுதாக வரவில்லை.

குழு வந்தது. காரணத்தைச் சொல்லி, ஐப்பசி வரை அவகாசம் கேட்டேன்.

"மழை பெஞ்சாத்தான் பேட்டரியா சார்?" என்றார் ஒருவர். மற்றவர்கள் சிரித்தார்கள். ஆளுக்கொரு பாட்டில் தண்ணீர் அவர்கள் முன்னால் இருந்தது.

திட்டத்தை மூடினார்கள். என்னை லித்தியத்துக்கு மாற்றினார்கள். அதையும் செய்தேன்.