துரை சட்டையில் புளியாரை

நாற்பத்திரண்டு ஆகஸ்ட் போராட்டத்தில் தண்டவாளம் கழற்றிய ஒரு கூட்டத்தில் நானும் இருந்தேன். போலீஸ் தேடியது. அப்படிப்பட்டவனை ரயில்வே துரையின் பங்களாவில் யாரும் தேட மாட்டார்கள் என்று கணக்குப் போட்டு, தீபாவளிக்குப் பிறகு அரியலூரில் ஒரு துரையிடம் தண்ணீர் சுமக்கச் சேர்ந்தேன். கொட்டகையில் படுக்கை, இரண்டு வேளைச் சோறு. சமையல்காரர் திருச்சிக்காரர், மேசையில் மிஞ்சியதை எனக்கும் தருவார்.

பங்குனி பிறந்ததும் ஒரு காலை அவர் என்னை எழுப்பினார்.

"ஒரே காம்புல மூணு எல இருக்கணும். பச்சையா. துரைக்கு வேணுமாம், போய்ப் பாரு."

"எதுக்குண்ணே?"

"சட்டையில குத்திக்க. அவங்க நாட்டுக்கு இன்னிக்குப் பெருநாள். அயர்லாந்துக்காரங்க எந்தச் சீமையில கெடந்தாலும் இத மாட்டிக்குவாங்களாம். இவங்க வேற வெள்ளைக்காரங்கப்பா. இங்கிலீஷ்காரனோட சண்ட போட்டு நாட்ட வாங்கிட்டவங்க."

"அப்புறம் ஏன் அவங்கிட்டயே சம்பளம் வாங்குறாரு?"

"நீ ஏன் இவருக்குத் தண்ணி தூக்குற? போடா."

எனக்கு நம்பிக்கை வரவில்லை. யுத்த காலம். இலையை அடையாளமாகக் குத்திக்கொண்டு யாரைச் சந்திக்கப் போகிறார்கள்? வெயிலில் எல்லாம் கருகிக் கிடந்தது. கீழப்பழுவூர் வரை நடந்து, ஒரு கிணற்று வாய்க்காலோரம் புளியாரையைக் கண்டேன். காம்புக்கு மூன்று இலை, வயிற்றுக்கடுப்புக்குத் துவையல் அரைக்கும் கீரை. துரை அதை வாங்கிக் கண்ணருகே கொண்டுபோனார். அவர் கேட்ட இலை இதில்லை என்று முகத்திலேயே தெரிந்தது. ஆனாலும் குத்திக்கொண்டார்.

சாயங்காலம் அவர் நாட்டுக்காரர்கள் இருவர் வந்தார்கள், ஒரு பாதிரியாரும் ஒரு எஞ்சின் டிரைவரும். அவர்களுக்கும் புளியாரை. குடித்தார்கள், பாடினார்கள். டிரைவர் அழுதார். நடுவில் துரை இரண்டு தரம் என்னைப் பார்த்தார். என்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று நினைத்தேன்.

அப்போது போலீஸ் கார் வந்து நின்றது. ரயில் பாதைக் காவலைப் பார்த்துவிட்டுத் திரும்புகிற இங்கிலீஷ் அதிகாரி ஒருவர், கூட ஒரு தமிழ் சப்-இன்ஸ்பெக்டர். அதிகாரிக்குக் கிளாஸ் கொடுத்தார்கள், இலை கொடுக்கவில்லை. சப்-இன்ஸ்பெக்டர் நேராக என்னிடம் வந்தார்.

"எந்த ஊர்டா?"

"குரும்பலூருங்க."

"இங்க எப்ப வந்த?"

துரை நாற்காலியில் இருந்தபடியே தமிழில் சொன்னார்: "ரெண்டு வருஷம். நம்ம ஆள்."

கார் போனது. துரை என் பக்கம் திரும்பவே இல்லை. பாட்டு விட்ட இடத்தில் தொடர்ந்தது.

"எலைக்குக் கூலி குடுத்துட்டாருப்பா" என்று சமையல்காரர் சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் வந்து அரை வருஷம்கூட ஆகவில்லை என்பது துரைக்குத் தெரியும். அப்படியானால் மற்றதும் தெரிந்திருக்கும். யார் சொன்னது? தெரிந்தும் ஏன் வைத்திருக்கிறார்? பெருநாள் குடியில் எனக்காகப் பொய் சொன்னவர், தெளிந்த பிறகு என்ன சொல்வார்?

விடிந்ததும் பால் செம்போடு கிளம்பினேன். செம்பைப் பால்காரர் வீட்டில் வைத்துவிட்டுத் திருமழபாடிக்கு நடந்து, மணல் தெரிந்த கொள்ளிடத்தைக் கடந்தேன். அக்கரையில் கரும்பு ஆட்டிக்கொண்டிருந்தார்கள். வேலை கேட்டேன். எந்த ஊர் என்றார்கள். வேறு ஊரின் பெயரைச் சொன்னேன்.