நாலு ஏக்கரும் ஒரே நாளில்

பசுவந்தனை ராதாமணிக்கு நாலு ஏக்கர் கரிசல். புருஷன் இறந்த பிறகு பத்து வருஷமாகத் தனியாளாய் உளுந்து விதைக்கிறாள். புரட்டாசியில், மழைக்கு முன்பே, இரண்டு ஏக்கரைப் புழுதியில் விதைப்பாள். மீதி இரண்டு ஏக்கர் ஐப்பசி ஈரத்துக்கு. மழை ஏமாற்றினாலும் பாதி விதை மூட்டையில் இருக்கும்.

போன வருஷம் புழுதியில் போட்டது விளைந்தது. ஈரத்தில் போட்டதைப் பூச்சி தின்றது. இந்த வருஷமோ விதைக்கிற டிராக்டர் ஒரே நாள்தான் கிடைத்தது. மகள் உமாதேவி கல்லூரியில் இரண்டாம் வருஷம். வெள்ளாமை வீடு வந்தால்தான் அவளுக்கு மூன்றாம் வருஷம்.

"நாலையும் போட்டுருங்க அண்ணாச்சி" என்று டிரைவரிடம் சொல்லிவிட்டாள்.

ஒரு தூறல் விழுந்தது. முளைக்க அது போதும், பிழைக்கப் போதாது. பதினெட்டு நாள் வெயிலில் அத்தனையும் கருகிப்போனது.

இது எதுவும் தெரியாமல் நான் கோவில்பட்டியில் உமாதேவியின் வகுப்புக்கு ஆங்கில மரபுத்தொடர் நடத்திக்கொண்டிருந்தேன். முட்டைகளையெல்லாம் ஒரே கூடையில் வைப்பது. பொருள், உள்ளதையெல்லாம் ஒன்றை நம்பியே ஒப்படைப்பது. ஒருவர் அப்படிச் செய்யப் போகும்போது தடுத்துச் சொல்வதுதான் வழக்கம். சொந்தமாக ஒரு வாக்கியம் எழுதச் சொன்னேன்.

'என் அம்மா முட்டைகளையெல்லாம் ஒரே கூடையில் வைத்துவிட்டாள்' என்று எழுதியிருந்தாள் உமாதேவி. பிழையில்லை. சிவப்பு மையில் 'நன்று' போட்டுக் கொடுத்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். என்னம்மா ஆச்சு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

மறுவாரம் அவள் வரவில்லை. வகுப்புத் தோழி ஒருத்தி விஷயத்தைச் சொன்னாள். பஸ் ஏறிப் போனேன். இரண்டு நாள் அடைமழை பெய்து வெறித்திருந்தது. சுற்றிலும் ஈர விதைப்பு மும்முரமாக நடந்தது. ராதாமணி மட்டும் வரப்பில் உட்கார்ந்திருந்தாள்.

"உமா எங்கே?"

"மில்லு வேன் வந்துச்சு டீச்சர், ஏறிப் போயிட்டா. நானும் போகாதன்னு சொல்லல."

"மழை நல்லாப் பெஞ்சிருக்கே" என்று உளறிவிட்டேன்.

"எம் புஞ்சையிலயும் சேத்துத்தான் பெஞ்சிருக்கு டீச்சர். கடையிலயும் உளுந்து தீந்துட்டுன்னு சொல்லுதாவ. இந்த ஈரத்துல போட ஒரு கை விதை இல்ல."