மழை பெய்யாத பாடம்

எங்கள் பள்ளி ஐந்தாம் வகுப்புக்கு வைத்திருக்கும் ஆங்கிலப் புத்தகம் பிள்ளைகளின் வயதுக்கு மீறியது. அட்மிஷனுக்கு வரும் பெற்றோரிடம் எடுத்துக் காட்டத் தோதானது. அதன் விடைக்குறிப்பை எல்லோரும் ‘கீ’ என்பார்கள். ‘ஆசிரியர்களுக்கு மட்டும்’ என்று அட்டையில் அச்சிட்டிருக்கும். தாம்பரம் ஸ்டேஷன் எதிரே ஜெராக்ஸ் கடையில் ஸ்பைரல் போட்டு விற்கிறார்கள். செம்பாக்கத்திலிருந்தும் சிட்லபாக்கத்திலிருந்தும் வரும் பிள்ளைகள் பாடத்தைப் படிப்பதில்லை; கீயை மனப்பாடம் செய்கிறார்கள். நாங்களும் அதை வைத்தே திருத்துகிறோம்.

காலாண்டுத் தேர்வில் ஒரு கேள்வி: கடைக்காரர் ஏன் சீக்கிரம் கடையைச் சாத்தினார்? முப்பத்தேழு பேர் மழை வந்ததால் என்று எழுதியிருந்தார்கள். ஒருத்தி மட்டும், மகளுக்குக் காய்ச்சல் என்று எழுதியிருந்தாள். கீயில் மழை. அவளுக்குத் தப்பு போட்டேன்.

தாள் கொடுத்த அன்றே புத்தகத்தோடு வந்து நின்றாள்.

“மிஸ், இந்தப் பாடத்துல மழையே பெய்யல.”

இருபத்திரண்டு வருட வேலையில் சரிபார்க்காமல் எதிலும் கையெழுத்துப் போட்டதில்லை என்று எனக்கொரு பெருமை உண்டு. பாடத்தை நின்றபடியே இரண்டு முறை படித்தேன். மழை இல்லை; மகளுக்குக் காய்ச்சல் என்றுதான் இருந்தது. புதிய பதிப்பில் கதையை மாற்றியிருக்கிறார்கள். எங்கள் கீ பழைய பதிப்புக்கானது.

தாளை எடுத்துக்கொண்டு ஒருங்கிணைப்பாளரிடம் போனேன்.

“இவளுக்கு ரைட்டுன்னா மத்தவங்களுக்குத் தப்பு போடணும். முப்பத்தேழு பேரண்ட்ஸும் கீயைத் தூக்கிட்டு வருவாங்க. நீங்க பதில் சொல்றீங்களா மிஸ்?”

“எல்லாருக்குமே ரைட் போட்டுடலாமே மேடம்.”

“அப்புறம் மத்த பாடத்துலயும் கீ சரியான்னு கேப்பாங்க. ஒரு மார்க்தானே. அந்தப் பொண்ணு வீட்லேர்ந்து யாரும் வந்து கேக்க மாட்டாங்க. விடுங்க.”

அது உண்மைதான். அவள் அம்மா லீவு போட்டால் அன்றைய சம்பளம் போய்விடும். பெற்றோர் கூட்டம் எதற்கும் அவர் வந்ததில்லை.

வகுப்புக்குத் திரும்பி, “கீயில அப்படித்தான்மா இருக்கு” என்றேன்.

அவள் அழவில்லை. புத்தகத்தை மூடினாள். “சரி மிஸ். அந்தக் கீ எங்க கிடைக்கும்?”

கடையைச் சொன்னேன். விலையையும் சொன்னேன்.

அரையாண்டில் அவள் விடைகள் ஒரு வார்த்தைகூடப் பிசகாமல் கீயில் உள்ளபடியே இருந்தன. முழு மதிப்பெண். ‘வெரி குட்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.