ஏழாவது பத்திக்கு என் பதில்

விவாகரத்து மனு என் கைக்கு வந்தது பள்ளிக்கூடத்தில். ஆறாம் வகுப்புக்குப் பின்னம் நடத்திக்கொண்டிருந்தேன். நீதிமன்றத்திலிருந்து ஒருவர் வந்து வராந்தாவில் நிற்பதாகப் பியூன் சொன்னார். கையெழுத்துப் போட்டு உறையை வாங்கிப் பையில் வைத்துவிட்டு, மிச்சப் பாடத்தையும் நடத்தினேன். என்ன நடத்தினேன் என்று நினைவில்லை. சாயங்காலம் கரமனையில் ஆற்றோரம் இருக்கும் வீட்டுக்கு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் கட்டிலில் உட்கார்ந்து பிரித்தேன்.

பதினான்கு பத்திகள். கோபக்காரி, வீட்டைக் கவனிக்காதவள், பள்ளிக்கூடமே கதி என்று கிடப்பவள் என்றெல்லாம் இருந்தது. அதைத் தாங்கிக்கொள்ள முடிந்தது. என் கணவர் ஒன்றரை வருடத்துக்கு முன் கொல்லத்துக்கு மாற்றலாகிப் போய், பிறகு வராமலே இருந்துவிட்டார். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. இப்படி ஒன்று வரும் என்று எதிர்பார்த்துத்தான் இருந்தேன். எதிர்பாராதது ஏழாவது பத்தி. நான் அவருடைய வயதான தாயாரை வழக்கமாக அறைக்குள் பூட்டிவைத்து, சோறும் தண்ணீரும் கொடுக்காமல் கொடுமைப்படுத்தினேன் என்று அதில் இருந்தது. மலையாளத்தில் எழுதியிருந்ததால் சரியாகப் புரிந்துகொண்டேனா என்று மறுபடி படித்தேன். சரியாகத்தான் புரிந்திருந்தது.

அத்தை மறதி வந்த பிறகு நாலு வருடம் எங்களோடு இருந்தாள். முதலில் அடுப்பை அணைக்க மறந்தாள். பிறகு எங்கள் பெயர்களை. என்னைப் பிறர் கூப்பிடுவதைக் கேட்டு அவளும் டீச்சர் என்று கூப்பிட ஆரம்பித்தாள். “எனக்க வீட்டுக்குப் போணும் டீச்சர்” என்று மதியத்தில் கிளம்பிவிடுவாள். ஒரு முறை ஆற்றுப்படிக்கட்டில் முழங்கால் தண்ணீரில் நின்றவளைப் பூக்காரி ஒருத்தி கையைப் பிடித்துக் கூட்டிவந்தாள். அன்றைக்குத்தான் என் கணவர் அறைக்கு வெளியே தாழ்ப்பாள் வைத்தார். அவரே ஆணி அடித்தார்.

பகலில் பார்த்துக்கொள்ள ஓர் அம்மாள் வருவார். ஒரு நாள் அவர் வரவில்லை. எனக்கோ பரீட்சை மேற்பார்வை. விடுப்புக் கேட்க வழியில்லை. என் கணவரும் வெளியூரில் இருந்தார். அத்தைக்கு இட்லி ஊட்டி, தண்ணீர்ச் செம்பை அருகில் வைத்து, தாழ் போட்டுவிட்டுப் போனேன். ஒன்றரை மணிக்கு ஓடி வந்து திறந்தேன். கதவுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தாள். செம்பு உருண்டு கிடந்தது. சேலை நனைந்திருந்தது. கதவைப் பிறாண்டிப் பிறாண்டி இரண்டு விரல் நகத்தில் ரத்தம். என்னைப் பார்த்துக் கும்பிட்டாள்.

“டீச்சர், நான் ஒண்ணும் செய்யல்ல. என்னய விட்டுருங்கோ.”

குளிப்பாட்டி, சோறு ஊட்டி, தூங்கவைத்தேன். அவர் ஊரிலிருந்து வந்ததும் நானேதான் சொன்னேன், அழுதுகொண்டே. அவர் என் தலையைத் தடவினார். “நீ என்னட்டி செய்வே? நானும் இல்லாமப் போனேனே. விடு” என்றார். உலகத்தில் அவர் ஒருவரிடம் மட்டும்தான் அதைச் சொல்லியிருந்தேன்.

அந்த ஒரு நாள்தான் ‘வழக்கமாக’ ஆகியிருந்தது.

வக்கீல் அம்மா மலையாளி. எனக்காகத் தமிழைக் கலந்து பேசுவார். “டீச்சரே, இதொக்க நிஷேதிச்சா மதி, மறுத்தாப் போதும். முழுக்கப் பொய்னு ஒரு வரி. வேற ஒண்ணும் எழுத வேண்டா” என்றார்.

“முழுக்கப் பொய் இல்ல மேடம். ஒரு நாள் பூட்டினேன்.”

“அது ஆருக்குத் தெரியும்? சாட்சி இல்லல்லோ?”

“அவருக்குத் தெரியும்.”

வக்கீல் பேனாவை மூடி வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். ஒத்துக்கொண்டால் எதிர்த்தரப்பு அதையே பிடித்துக்கொள்ளும் என்றார். அவர் சொன்னது நியாயம்தான். ஆனால் பதில் மனுவின் கடைசியில், மேலே கண்டதெல்லாம் உண்மை என்று நான் கையெழுத்துப் போட வேண்டும். அத்தையின் அந்த விரல்கள் கண்ணில் நிற்கும்போது, அப்படி ஒன்று நடக்கவே இல்லை என்று எழுத எனக்குக் கை வரவில்லை. வீட்டுக்கு வந்து மூன்று பக்கம் தமிழில் எழுதினேன். மறதி, ஆறு, தாழ்ப்பாள், இட்லி, நகம் எல்லாவற்றையும். அந்த ஒரு நாளுக்காக இன்றும் வருந்துகிறேன் என்றும், மற்ற நாட்களில் அவளுக்கு ஊட்டாமல் நான் சாப்பிட்டதில்லை என்றும் எழுதினேன். வக்கீல் முணுமுணுத்துக்கொண்டே அதை மலையாளத்தில் மாற்றித் தாக்கல் செய்தார்.

பிறகு குடும்ப நீதிமன்றத்தில் கவுன்சிலிங். கவுன்சிலர் வரும்வரை என்னையும் என் கணவரையும் ஓர் அறையில் உட்காரவைத்தார்கள். மெலிந்திருந்தார். சட்டை இஸ்திரி போடாமல் இருந்தது.

“நீ அத எழுதியிருக்காண்டாம்” என்றார்.

“நீங்க எழுதலாமா?”

“ஏதாவது காரணம் வேணும்னு வக்கீல் கேட்டாரு. நான் ஒரு நாள்னுதான் சொன்னேன். அவருதான்...”

“கையெழுத்துப் போடும்போது வாசிச்சீங்களா?”

குனிந்து சட்டைப் பொத்தானைத் திருகினார். பிறகு, “வாசிச்சேன்” என்றார்.

அதற்கு மேல் கேட்க எனக்கு ஒன்றும் இல்லை. அத்தை எப்படி இருக்கிறாள் என்று மட்டும் கேட்டேன். அவர் மாற்றலாகிப் போனபோது கொண்டுபோய் விட்ட தங்கை வீட்டில், நாகர்கோவிலில்தான் இருக்கிறாள். யாரையும் தெரியவில்லை, வாயில் வைப்பதைத் துப்பிவிடுகிறாள் என்றார்.

“ரசத்த விட்டு நல்லாக் கொழைச்சு, பக்கத்துல இருந்து பேசிக்கிட்டே ஊட்டச் சொல்லுங்க. அவசரப்படுத்தினா எறங்காது.”

தலையை ஆட்டினார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். அதற்குள் கவுன்சிலர் வந்துவிட்டார்.

அடுத்த மாதம் அவர் தன் மனுவைத் திரும்பப் பெற்றார். இருவரும் சம்மதித்துப் பிரிவதாகப் புது மனு கொடுத்தோம். கருத்து வேறுபாடு, தனித்தனியாக வாழ்கிறோம் என்று நாலே பத்தி. “ஜெயிச்சல்லோ டீச்சரே” என்று வக்கீல் சந்தோஷப்பட்டார். பழைய மனு என்ன ஆகும் என்று கேட்டேன். ஃபைலில் கிடக்கும், யாரும் பார்க்க மாட்டார்கள் என்றார். யாராவது பார்த்து, அது தப்பு என்று ஒரு வரி எழுதினால் தேவலை என்றிருந்தது எனக்கு. அப்படி எழுத எந்தச் சட்டத்திலும் இடமில்லையாம். என் கணவரின் தங்கை அந்த ஏழாவது பத்தியை நம்பிவிட்டாள். அத்தையைப் பார்க்க வரட்டுமா என்று கேட்டு இரண்டு முறை கூப்பிட்டேன். இரண்டு முறையும் பேசாமல் போனை வைத்துவிட்டாள்.

தீர்ப்பு நாளில் நீதிபதி கேட்டதற்கு இருவரும் சம்மதம் என்றோம். சில நிமிடங்களில் முடிந்துவிட்டது. படி இறங்கும்போது அவர் பழக்கத்தில் “வாறேன்” என்றார். நானும் “சரி, பாத்துப் போங்க” என்றேன். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் அழுகை வந்தது. பக்கத்தில் இருந்த பெண் ஒன்றும் கேட்காமல் ஜன்னலோரத்தை எனக்கு விட்டுக்கொடுத்தாள்.